ஆசிரியர் தினத்துக்கு எல்லோரும் ஒரே சாரியா?

 

ஒக்டோபர் 6 நெருங்குகிறது. ஆசிரியர் தினம். பதுளைப் பக்கத்துப் பாடசாலைகளின் வட்ஸ்அப் குழுக்களில் இந்த நாட்களில் அதிகம் ஓடுவது தவணைப் பரீட்சையோ பாடக்குறிப்போ அல்ல, சாரிப் படங்கள். மயில்கழுத்து நிறமா, வெங்காயத் தோல் நிறமா என்று வாக்கெடுப்பு வேறு. இருபத்தைந்து சாரி ஒன்றாக எடுத்தால் கடைக்காரர் விலை குறைப்பாராம். வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்ட வேண்டுமாம். மூத்த டீச்சர் ஒருவர் முதலில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் தூக்குகிறார்கள். போன மாதம் நியமனம் கிடைத்து வந்த பிள்ளையும் தூக்குகிறாள். அவள் மட்டும் "எனக்கு வேண்டாம்" என்று எப்படி எழுதுவாள்?

அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய் வரும் ஆசிரியைகள். காலையில் ஒரே பஸ்ஸில் நின்று போகிறவர்கள். எங்களில் அபாயா உடுப்பவர்களும் இருக்கிறார்கள், சாரி உடுப்பவர்களும் இருக்கிறார்கள். உடுப்புக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சாரி 3,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். குழுவில் போட்ட விலை அவ்வளவுதான். ஆனால் சாரி மட்டும் உடுத்துக்கொண்டு யாரும் போக முடியாது. பிளவுஸ் தைக்க வேண்டும், உள்ளே லைனிங் துணி வேண்டும், ஃபோல் அடிக்க வேண்டும், அந்த நிறத்துக்கு உள்பாவாடை இல்லையென்றால் அதுவும் வேண்டும். அவசரத்துக்குத் தைக்கக் கொடுத்தால் தையல் கூலி இன்னும் கூடும். எல்லாம் சேர்த்து 5,500 ரூபாவில் வந்து நிற்கும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தச் சம்பளத்தில் நான்கு நாளுக்கு மேல் கொழுந்து பறித்தால்தான் அந்த ஒரு சாரி. அந்தப் பிள்ளையின் அம்மா அந்த மலையில்தான் நிற்கிறார்.

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே" என்பார்கள். ஒரு நாள் என்றால் நாங்கள் இவ்வளவு எழுத மாட்டோம். வருடத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்தின் நிறத்தில் ஒன்று. பரிசளிப்பு விழாவுக்கு ஒன்று. ஆசிரியர் தினத்துக்கு ஒன்று. அதிபர் இடமாற்றமோ ஓய்வோ பெற்றால் பிரியாவிடைக்கு இன்னொன்று. இப்படி வாங்கிய சாரிகளில் பாதி மறுபடி உடுக்கக்கூடிய சாரிகளும் அல்ல. பளபளவென்று கல் ஒட்டிய சாரியை உடுத்துக்கொண்டு மறுநாள் தரம் மூன்று பிள்ளைகளுக்குக் களிமண் பிசைய யார் போவார்? இருபது பேர் அதே சாரியில் எடுத்த படம் ஊர் முழுக்கப் பரவிய பிறகு, கல்யாண வீட்டுக்கும் அதை உடுக்க மனம் வராது. அலுமாரியில் மடித்து வைத்தது வைத்தபடி கிடக்கும்.

ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி ஆசிரியர் தினத்தன்று லீவு போட்டாள். காய்ச்சல் என்றாள். பிள்ளைகள் கையால் வெட்டி ஒட்டிய வாழ்த்து மட்டைகளோடு அவளைத் தேடினார்கள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, சாரிக் காசு இல்லை. நியமனம் கிடைத்து மூன்றாவது மாதம், சம்பளம் இன்னும் ஒழுங்காக வரத் தொடங்கவில்லை. ஆசிரியராக அவள் கண்ட முதல் ஆசிரியர் தினம் வீட்டுக்குள்ளேயே போனது. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்களுக்கு அந்த வாக்கெடுப்புகளைக் கண்டாலே பிடிப்பதில்லை.

இது இன்று வந்த பிரச்சினையும் அல்ல. 2015ஆம் ஆண்டு பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் உதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஊவாவிலும் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கொடுத்தது சம்பளம் அல்ல, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. அது 10,000 ஆவதற்கே பெரிய போராட்டம் தேவைப்பட்டது. அதே காலத்தில் தோட்டத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு நாட்சம்பளம் 620 ரூபா. அதாவது பத்து நாள் மலைக்குப் போனால் கிடைக்கும் பணத்தை, உயர்தரம் படித்து முடித்த பிள்ளைக்கு மாதம் முழுவதற்கும் கொடுத்தார்கள். அந்த 6,000 ரூபாவில் பஸ் காசு, மதியச் சாப்பாடு, பாட உபகரணம், அதோடு சாரி. வேலைக்குப் போகும் மகளுக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்தது பல வீடுகளில் மலையில் நின்ற அம்மாதான். இன்று அவர்களில் பலர் பயிற்சி முடித்து நிரந்தர ஆசிரியர்களாகி, நல்ல இடங்களில் இருக்கிறார்கள். இந்த வாக்கெடுப்பில் முதலாவது விரலைத் தூக்குகிறவர்களிலும் அவர்கள் இருக்கக்கூடும்.

சாரிக்கு எதிராகப் பேசுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் பிள்ளை முதன்முதலாகச் சாரி உடுத்து, கையில் பையோடு தோட்டத்துப் பாதையில் நடந்து போவது சின்ன விஷயம் அல்ல. இடுப்பில் படங்கு கட்டி மலையில் நிற்கும் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நேற்று வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இன்று "டீச்சர்" என்கிறார்கள். அம்மா அந்தப் பார்வையைக் காண எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்! "சாரி எதற்கு, சல்வாரில் போகலாமே" என்று நாங்கள் டவுனில் இருந்து சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் வேறு உடுப்பு விரும்புகிறவர்களுக்கு அதற்கான உரிமை வேண்டும் என்பதும் எங்கள் கருத்து. 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் போன வருடம் அது. இந்தியாவிலிருந்து வரும் சாரிகளின் விலையைக் கேட்டுவிட்டுக் கடைவாசலிலேயே திரும்பினோம். அந்தச் செப்டெம்பரில் அரச அலுவலர்கள் பொருத்தமான இலகு உடையில் வேலைக்கு வரலாம் என்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை விட்டது. நவம்பர் 21ஆம் திகதி நாட்டின் பல இடங்களில் சில ஆசிரியைகள் சாரியை விட்டு வேறு கண்ணியமான உடுப்பில் பாடசாலைக்குப் போனார்கள். ஆசிரியர் சங்கத் தரப்பிலிருந்து ஆதரவு வந்தது. ஆசிரியைகளின் உடையில் மாற்றம் இல்லை என்று கல்வித் தரப்பு சொல்லிவிட்டது. கந்தோரில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இலகு உடை, மலையேறிப் போய் நாற்பது பிள்ளைகளோடு நிற்பவருக்குச் சாரி! கர்ப்பிணி ஆசிரியைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019இல் வந்த அரசாணை அரச ஊழியரான பெண்கள் சாரியோ சல்வாரோ துப்பட்டாவோடு சுடிதாரோ உடுக்கலாம் என்கிறது. கேரளாவில் 2021 நவம்பரில் உயர்கல்வித் துறை, ஆசிரியைகள் சாரிதான் உடுக்க வேண்டும் என்று எந்த நிறுவனமும் வற்புறுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. அங்கேயும் ஆசிரியைகள் இன்னும் சாரி உடுக்கிறார்கள், விரும்பி உடுக்கிறார்கள். நமுனுகுல மலையில் மூடுபனிக்குள் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு படியேறும் நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தெரிவு வர வேண்டும். வரும் வரை சாரிதான் என்றால் சாரிதான்.

சாரி உடுத்து வா என்று மேலிடம் கேட்கலாம். எல்லோரும் ஒரே சாரியில் வா என்று மேலிடம் கேட்டு நாங்கள் கண்டதில்லை. அது நாமாகத் தலையில் ஏற்றிக்கொண்டது. ஒரே நிறத்தில் வந்தால் ஒற்றுமை தெரியுமாம், ஏற்றத்தாழ்வு தெரியாதாம். பிள்ளைகளின் சீருடையை உதாரணம் காட்டுகிறார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை 1993இலிருந்து அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. அதனால்தான் அது ஏழைப் பிள்ளையைக் காப்பாற்றுகிறது. சொந்தக் காசில் வாங்கு, இல்லாவிட்டால் படத்தில் தனியாகத் தெரிவாய் என்பதற்குப் பெயர் சீருடை அல்ல.

சரி, புதிதாக வருகிற தங்கச்சிமார் உடுப்புக்கு என்ன செய்வது? இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பயிற்சிக் கலாசாலையில் பாடத்திட்டம் சொல்லித் தருவார்கள், பாடசாலை அலுமாரியைப் பற்றி யார் சொல்வார்? நாங்கள் இத்தனை வருடம் மழையிலும் சேற்றிலும் போய் வந்து கண்டதைச் சொல்கிறோம்.

ஐந்து சாரி போதும். கிழமைக்கு ஐந்து நாள், ஐந்து சாரி. வருடத்தில் சுமார் 200 பாடசாலை நாட்கள் என்றால் ஒரு சாரிக்கு நாற்பது முறை வரும். அதையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டாம். முதல் மாதம் இரண்டோடு தொடங்குங்கள். உம்மாவிடமோ அம்மாவிடமோ அக்காவிடமோ மாமியிடமோ இரண்டு இருக்கும், வெட்கப்படாமல் கேளுங்கள். பழைய சாரியை யாரும் கண்டுபிடிப்பதில்லை. பிளவுஸ் பொருந்தாமல் தொங்கினால்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஆகவே காசைச் சாரியில் குறைத்துப் பிளவுஸில் போடுங்கள். ஒவ்வொரு சாரிக்கும் அதன் துணியிலேயே பிளவுஸ் தைக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கறுப்பு ஒன்று, அரக்குச் சிவப்பு ஒன்று, சந்தன நிறம் ஒன்று. இந்த மூன்றும் நல்ல துணியில், நல்ல தையல்காரரிடம், முழங்கை வரை கையோடு தைத்து வைத்தால் ஐந்து சாரிக்கும் மாறி மாறிப் போகும். தைக்கும்போது உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று உடம்பு மாறும்போது பிரித்து விடலாம். மலிவாகத் தைக்கிறவர்கள் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள், கேட்டு வாங்க வேண்டும். ஃபோல் நீங்களே வீட்டில் கையால் அடிக்கலாம், ஓர் இரவு வேலை. உள்பாவாடையும் கறுப்பு, வெள்ளை, கபில நிறம் என்று மூன்று போதும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. நூல் சாரி அழகு, கம்பீரம், கோடையில் அதைப் போல் சுகம் இல்லை. ஆனால் கஞ்சி போட வேண்டும், அயர்ன் பண்ண வேண்டும், நம் பக்கம் ஒக்டோபரில் தொடங்கும் மழையில் இரண்டு நாளானாலும் காயாது. லயத்து அறையில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய வைத்தால் சாரி முழுவதும் புகை வாசம். எனவே மழைக் காலத்துக்கு ஜோர்ஜட் மாதிரி இலேசான சாரி மூன்று, வெயில் காலத்துக்கு நூல் சாரி இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஜோர்ஜட்டை இரவில் அலசிப் போட்டால் காலையில் உடுக்கலாம், அயர்னும் தேவையில்லை. வெளிர் நிறம் வேண்டவே வேண்டாம். தோட்டத்துச் செம்மண் ஒரு தடவை ஒட்டினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கபிலம், கரும்பச்சை, அரக்கு, கருநீலம் எல்லாம் நம் மலைப் பாதைக்கு ஏற்ற நிறங்கள். சின்னப் பூப் போட்டது என்றால் இன்னும் நல்லது, சேற்றுப் புள்ளி தெரியாது.

செருப்பில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மலிவுச் செருப்பு மூன்று மாதத்தில் அறும், அதுவும் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீற்றர் நடக்க வேண்டிய நாளில்தான் அறும். வழியில் நடக்க இறப்பர் அடியோடு ஒன்று, பாடசாலையில் மாற்றிக்கொள்ள ஒன்று. ஹீல்ஸ் என்பது தோட்டப் பாதைக்குத் தெரியாத மொழி. கொண்டு போகிற பையில் ஒரு பொலித்தீன் உறை, ஒரு பழைய துவாய், நாலைந்து ஊசி. மலைப் பக்கப் பாடசாலை என்றால் முன்பக்கம் திறக்கும் கறுப்புச் சுவெட்டர் ஒன்று, எந்தச் சாரிக்கும் போகும்.

வாங்கும் இடம்? பெருநாள், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு பதுளைக் கடைகளில் மிச்சச் சரக்கு விலை குறையும், அப்போது வாங்குங்கள். பண்டிகைக்கு முன்னால் கடைக்குள் போகவே வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒருவரைக் கொழும்புக்கு இரவு ரயிலில் அனுப்பினால், புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மொத்த விலைக்கே எடுத்து வரலாம். தனி ஆளாகப் போனால் ரயில் காசும் சாப்பாடும் இலாபத்தைத் தின்றுவிடும்.

ஆசிரியர் அறைக்கு மூட்டையோடு வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் நம் பெண்கள்தான், அவர்களின் பிழைப்பில் மண் போடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கைக்காசு இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் "இப்ப எடுங்க டீச்சர், சம்பளத்துக்குத் தாங்க" என்ற வார்த்தைக்கு மயங்க வேண்டாம். மூன்று தவணை, நான்கு தவணை என்று ஒன்று முடியும் முன் இன்னொன்று ஏறும். சம்பள நாளன்று ஆசிரியர் அறை வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் டீச்சர்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம். அதைவிட ஐந்து பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாச் சீட்டு ஒன்று போடுங்கள். உங்கள் முறை வரும்போது 5,000 ரூபா கையில் இருக்கும், பேரம் பேசலாம்.

ஆண் ஆசிரியர்களுக்கு இதில் அதிகம் எழுத ஒன்றும் இல்லை. இரண்டு ட்ரவுசர், நான்கு சேர்ட், ஒரு சப்பாத்து, பாட்டு முடிந்தது. வெள்ளை சேர்ட்டை ஐந்து வருடம் போட்டாலும் சேரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆசிரியர் தினத்துக்கு எங்கள் சாரி நிறத்தில் ஒரு டை கட்டினால் அவர்களின் பங்கு தீர்ந்தது. அந்த டை என்ன விலை என்று அதிபர்மார் ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி நம் சமூகத்துப் பெண்களுக்கு. நம் உம்மாமார் சாரி உடுத்து, முந்தானையால் முக்காடு போட்டுப் படிப்பித்தவர்கள். பிறகு அபாயா வந்தது. வந்தபோது அதன் பெரிய நன்மையே செலவுக் குறைவுதான். உள்ளே எது உடுத்தாலும் மேலே ஒன்று போதும், கறுப்புக்கு நிறப் பொருத்தம் தேவையில்லை, யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. இப்போது அந்த நன்மை எங்கே போனது? கையில் கல், கழுத்தில் சரிகை, ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு புது மாடல், அதற்கேற்ற சோல். சில அபாயாவின் விலைக்கு மூன்று சாரி வாங்கலாம். வீண்விரயம் கூடாது என்று பயானில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் அடுத்த மாடலைத் தேடுகிறோம்.

பாடசாலைக்கு மூன்று அபாயா போதும். கறுப்பு, கருநீலம், கபிலம். வேலைப்பாடு இல்லாத நிதா துணி சுருங்காது, மழையிலும் சீக்கிரம் காயும். நீளத்தைக் கணுக்கால் மறையும் அளவோடு நிறுத்துங்கள். தரையைக் கூட்டிக்கொண்டு போகும் அபாயா தோட்டப் பாதையில் இரண்டு வாரத்தில் நைந்துவிடும். கை அகலமாக இருந்தால் வெண்கட்டித் தூள் முழுவதும் அதில்தான்.

அபாயா பற்றிப் பேசும்போது பழைய காயங்கள் நினைவுக்கு வராமல் இல்லை. 2018இல் திருகோணமலையில் எழுந்த பிரச்சினை, 2019 மே இறுதியில் அரச அலுவலகங்களில் பெண்கள் சாரியோ ஒசரியோதான் உடுக்க வேண்டும் என்று வந்து, எதிர்ப்புக்குப் பிறகு மாற்றப்பட்ட சுற்றறிக்கை. அந்த நாட்களில் பஸ்ஸில் ஏறவே தயங்கினோம். நாங்கள் படிப்பிக்கும் தோட்டத்தில் பிள்ளைகளின் பெற்றோர்தான் பாதி வழி வரை வந்து கூட்டிப் போனார்கள். உடுப்பைக் காட்டி ஒருவரை ஒதுக்கினால் எப்படி இருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சாரி வாங்க முடியாத பிள்ளை ஒதுங்கி நிற்பதை எங்களால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அபாயா உடுக்கும் எங்களிடம் "உங்களுக்குத்தான் ஒரே சாரி தேவையில்லையே, இதில் உங்களுக்கு என்ன?" என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

இந்த வருடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். வாக்கெடுப்பை நிறுத்துங்கள். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை அடங்கவில்லையென்றால் "நீலம்" என்று மட்டும் சொல்லுங்கள். கருநீலமோ வெளிர்நீலமோ, அலுமாரியில் இருக்கும் நீலத்தை எல்லோரும் உடுத்து வரட்டும். அபாயாவுக்கு நீலச் சோல், சேருக்கு நீலச் சேர்ட். நீலம் இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும். படத்தில் பார்க்க அதுவும் அழகாகத்தான் இருக்கும். அல்லது பிள்ளைகள் காகிதத்தில் செய்த பூ ஒன்றை எல்லோரும் குத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அந்தப் பூவைத்தான் தேடுவார்கள். அதிபர்மாரிடம் ஒரு வேண்டுகோள்: இதை நீங்கள் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும். புது டீச்சர் ஒருத்தி சொல்ல அவளுக்கு ஐந்து வருடம் ஆகும்.

இரண்டாவது, அலுமாரியைத் திறங்கள். மூத்த டீச்சர்மார் ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை உடுத்த சாரி நாலைந்தாவது இருக்கும். புது நியமனம் வரும் காலத்தில் அதைக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கிற விதம் முக்கியம். துவைத்து, அயர்ன் பண்ணி, ஃபோல் கழன்றிருந்தால் தைத்து, வெட்டாத பிளவுஸ் துணி இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். கிழிந்ததையும் கறை பிடித்ததையும் கொடுக்க வேண்டாம், அது குப்பையை இடம் மாற்றுவது. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கொடுக்கவே வேண்டாம். கொடுத்த பிறகு, அவள் அதை உடுத்து வரும் நாளில் "ஆ, என்ட சாரி!" என்று சத்தம் போடாதீர்கள். இப்படிச் சத்தம் போட்ட தாத்தா ஒருவரை எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அதன் பிறகு அந்தச் சாரியைத் தொடவே இல்லை.

எங்கள் பஸ் கூட்டத்தில் இதைத் தொடங்கிவிட்டோம். இப்போதைக்குப் பதினொரு சாரி, நான்கு அபாயா, ஒரு கறுப்புச் சுவெட்டர் சேர்ந்திருக்கின்றன. பிளவுஸ் அளவு மாற்றித் தைத்துத் தர எங்களில் தையல் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள், நூல் காசு மட்டும் போதும். யாருக்கு எது போனது என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. படம் எடுப்பதும் இல்லை, ஆகவே இங்கே போட்டுக் காட்டவும் மாட்டோம். ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் உங்கள் பஸ்ஸிலேயே இதைத் தொடங்கலாம். சாரி தர விரும்புகிறவர்களும் தேவையானவர்களும் இன்பொக்ஸில் எழுதுங்கள், கொமென்ட்டில் வேண்டாம். தேவையானவர்கள் பாடசாலைப் பெயர் கூடச் சொல்ல வேண்டியதில்லை. எந்த நிறம் பிடிக்கும், பிளவுஸ் அளவு என்ன, எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஆசிரியர் தினத்துக்கு முன்னால் கைக்கு வர வேண்டுமென்றால் இந்த மாதம் 25ஆம் திகதிக்குள் எழுதிவிடுங்கள், தையல் வேலைக்கு ஒரு கிழமை வேண்டும்.